மனப்பாடத்தின் மீது சுமத்தப்படும் பழி

தமிழகத்தில் கல்வியைப் பற்றிப் பேசும் இடம் ஆசிரியர் பயிற்சி முகாமாக இருந்தாலும், பெற்றோர் கூட்டமாக இருந்தாலும், நாளிதழின் நடுப்பக்கமாக இருந்தாலும், ஒரு கருத்து மட்டும் எதிர்ப்பே இல்லாமல் ஏற்கப்பட்டுவிடுகிறது. மாணவரின் படைப்பாற்றலை அழிப்பது மனப்பாடம் என்பதும், மனப்பாடத்தை வகுப்பறையிலிருந்து வெளியேற்றிவிட்டால் படைப்பாற்றல் தானாகவே தலையெடுக்கும் என்பதும்தான் அக்கருத்து. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு தன் ஐந்து வழிகாட்டு நெறிகளுள் ஒன்றாகக் கற்றலை நெட்டுரு முறையிலிருந்து விலக்குவதை வைத்தது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் நெட்டுருவுக்கு மாறாகக் கருத்துப் புரிதலையும் படைப்பாற்றலையும் முன்னிறுத்துவதாக அறிவித்தது. அந்தக் கொள்கையின் மொழித் திட்டத்தையும் தேர்வுத் திட்டத்தையும் வரிக்கு வரி எதிர்த்து எழுதும் தமிழகக் கல்வியாளர்கள்கூட இந்த ஒரு கருத்தில் அதனோடு முரண்படுவதில்லை. எதிரெதிர் அணிகள் இரண்டும் ஒப்புக்கொள்ளும் ஒன்றை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. அதனாலேயே அதைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மனப்பாடம் என்று பொதுவாகச் சுட்டப்படுவதற்குள் இரண்டு வேறு செயல்கள் அடங்கியுள்ளன. ஒரு செய்யுளையோ வாய்பாட்டையோ கீர்த்தனையையோ தேற்றத்தையோ நினைவில் ஏற்றிக்கொள்வது ஒன்று. கேட்கப்படப்போகும் வினாவுக்கு வேறொருவர் எழுதிவைத்த விடையை நினைவில் ஏற்றித் தேர்வறையில் இறக்கிவைப்பது மற்றொன்று. முன்னது சிந்தனைக்குரிய பொருளைத் தருகிறது; பின்னது சிந்திக்க வேண்டிய தேவையையே நீக்கிவிடுகிறது. தமிழகப் பள்ளிகளில் படைப்பாற்றல் குன்றிக் கிடக்கிறது என்றால் அதற்குப் பொறுப்பேற்க வேண்டியது பின்னது. தண்டனை அனுபவித்துக்கொண்டிருப்பதோ முன்னது என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் வாதம்.

படைப்பாற்றலுக்குக் கல்வி உளவியலாளர் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும் வரையறையில் இரண்டு நிபந்தனைகள் உள்ளன: உருவாக்கப்படுவது புதியதாக இருக்க வேண்டும், எடுத்துக்கொண்ட பணிக்குப் பொருந்துவதாகவும் இருக்க வேண்டும். இத்துறை ஆய்வுக்கு வேகம் தந்தது, ஜே. பி. கில்ஃபோர்டு 1950-இல் அமெரிக்க உளவியல் கழகத்தின் தலைவராக ஆற்றிய உரை. ஒரே விடையை நோக்கிக் குவியும் சிந்தனையிலிருந்து, ஒரு புள்ளியில் தொடங்கிப் பல திசைகளில் பரவும் சிந்தனையை அவர் பிரித்துக் காட்டினார்; முன்னதைக் குவிசிந்தனை என்றும் பின்னதை விரிசிந்தனை என்றும் தமிழில் வழங்குவர். ஒரு செங்கல்லை எத்தனை வகையில் பயன்படுத்தலாம் என்று பட்டியலிடச் சொல்வது, விரிசிந்தனையை அளக்க அவர் பயன்படுத்திய சோதனைகளுள் ஒன்று. எண்ணிக்கையாக அளப்பதற்கு எளிது என்பதால் விரிசிந்தனைதான் படைப்பாற்றல் என்ற எண்ணம் காலப்போக்கில் நிலைபெற்று, வரையறையின் இரண்டாம் பாதியாகிய பொருத்தம் ஓசையின்றி நழுவிப்போயிற்று.

இன்று ஆசிரியர் பயிற்சிகளில் எடுத்தாளப்படும் புகழ்பெற்ற சான்றுகள் இந்த நழுவலின் மீதே கட்டப்பட்டவை. மழலையர் பருவத்தில் நூற்றுக்கு 98 குழந்தைகள் விரிசிந்தனையில் மேதை நிலையில் இருந்தனர் என்றும், வயது ஏற ஏற அவ்விகிதம் சரிந்தது என்றும் ஜார்ஜ் லேண்டும் பெத் ஜார்மனும் 1992-இல் வெளியிட்ட நூலில் எழுதினர். பள்ளிகள் படைப்பாற்றலைக் கொல்கின்றனவா என்று 2006-இல் டெட் மேடையில் வினவி உலகப் புகழ்பெற்ற கென் ராபின்சன், பிறிதோர் உரையில் இந்தச் சரிவையே சான்றாகக் காட்டினார். ஒரு ஜெம் கிளிப்புக்கு இருநூறு பயன்களைச் சொல்லக்கூடியவர், அந்தக் கிளிப் இருநூறு அடி உயரமுள்ளதாகவும் நுரை ரப்பரால் ஆனதாகவும் இருக்கலாமா என்று கேட்பவராக இருப்பார் என்று அவர் வியந்து விளக்கினார். வியப்பு நியாயமே. ஆனால் இருநூறு அடி ரப்பர்க் கிளிப் எந்தக் காகிதத்தைப் பிடிக்கும் என்ற கேள்வியை அந்தச் சோதனை கேட்பதில்லை. பன்னிரண்டு வயதுச் சிறுமி தனக்குள் கேட்டுக்கொள்கிறாள், ஆகவே அவளுடைய பட்டியல் குறுகிவிடுகிறது. பட்டியல் குறுகியதைப் படைப்பாற்றலின் சாவாகக் கணக்கிடுவது, பொருத்தம் பார்க்கத் தெரிந்துகொண்டதைக் குற்றமாக எண்ணுவதாகும்.

பள்ளி அழிக்கப் பார்த்த மேதை என்றால் தமிழகத்தில் உடனே சொல்லப்படும் பெயர் சீனிவாச இராமானுஜன். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904-இல் உதவித்தொகையுடன் சேர்ந்தவர், கணிதம் தவிர்ந்த பாடங்களைப் புறக்கணித்ததால் அத்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்று எழுதிய எஃப்.ஏ. தேர்விலும் தேறவில்லை. தேர்வுமுறை அவரை அடையாளம் காணத் தவறியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவருடைய படைப்பாற்றல் எதிலிருந்து கிளைத்தது என்று பார்த்தால், மனப்பாட எதிர்ப்பாளருக்குச் சங்கடம் தரும் செய்தியே கிடைக்கிறது. ஏறத்தாழ 16 வயதில் அவர் கைக்கு வந்த ஜி. எஸ். காரின் நூல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரைபாஸ் எனப்படும் கணிதத் தேர்வுக்கு மாணவரைத் தயார்செய்த ஒரு தனிப்பயிற்சி ஆசிரியரின் குறிப்புகளிலிருந்து உருவானது. இன்றைய வழக்கில் சொன்னால் டியூஷன் மாஸ்டரின் நோட்ஸ். கதையோ வண்ணப்படமோ செயல்பாடோ இல்லாமல், ஐயாயிரம் அளவிலான தேற்றங்களும் வாய்பாடுகளும் எண்ணிட்டு அடுக்கப்பட்ட வறண்ட தொகுப்பு அது. சமஸ்கிருத வினையடிகளின் பட்டியல்களை முழுமையாக ஒப்பித்தும், பையின் மதிப்பையும் இரண்டின் வர்க்கமூலத்தையும் கேட்ட தசம இடம்வரை சொல்லியும் மாணவ இராமானுஜன் நண்பர்களை மகிழ்வித்தார் என்று அவரை அறிந்தவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள்.

தேர்வுக் குறிப்பு நூல் ஒன்று இராமானுஜனுக்கு வழிதிறந்தது என்றால், இன்றைய தேர்வுக் கையேடும் அதையே செய்யாதா என்று கேட்கலாம். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில்தான் இந்த விவாதத்தின் உயிர் இருக்கிறது. கார் முடிவுகளைத் தந்தார். நிறுவல்களைப் பெரும்பாலும் தரவில்லை, தந்த இடங்களிலும் கோடிட்டுக் காட்டியதோடு நிறுத்திக்கொண்டார். முடிவு உண்மை என்று தெரியும், அதை எட்டும் வழி தெரியாது என்ற நிலையில் வாசகன் வழியைத் தானே வெட்ட வேண்டியிருந்தது; ஆகவே அந்நூலின் ஒவ்வொரு பக்கமும் இராமானுஜனுக்கு ஓர் ஆய்வுப் பணியாயிற்று. இன்றைய கையேடு வழியை முழுவதும் எழுதித் தந்துவிட்டு, எந்தப் படிக்கு எத்தனை மதிப்பெண் என்பதையும் ஓரத்தில் குறித்துவிடுகிறது. முன்னது நினைவில் நின்று கேள்வியைக் கிளப்பிற்று. பின்னது கேள்வி எழுவதற்கு முன்பே அதை அடைத்துவிடுகிறது.

நினைவுக்கும் புத்தாக்கத்துக்கும் உள்ள உறவு மேதைகளுக்கு மட்டும் உரியதன்று என்பதைச் சதுரங்க ஆய்வுகள் காட்டின. வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த காய்நிலையை ஐந்து வினாடி மட்டும் பார்த்துவிட்டு மீண்டும் அடுக்குவதில் தேர்ந்த ஆட்டக்காரர் புதியவரை மிக எளிதாக விஞ்சினார். அதே காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டியபோது அந்த மேன்மை ஏறத்தாழ மறைந்துபோயிற்று. தேர்ந்தவரிடம் இருந்தது பொதுவான நினைவாற்றலோ பொதுவான கூர்மதியோ அன்று. பல்லாயிரம் காய்நிலைகளைப் பார்த்துப் பார்த்து மனத்தில் படியவைத்த அறிவு. குறுகிய நேரத்துக்கு மனம் தாங்கக்கூடிய செய்திகளின் அளவு மிகச் சிறியது என்பதால், சேமித்துவைத்த அறிவு இல்லாதவர் ஒவ்வொரு காயையும் தனித்தனியாகப் பார்த்துக் களைத்துப்போகிறார். இருப்பவருக்கோ காய்கள் கூட்டமாகவும் ஆபத்தாகவும் வாய்ப்பாகவும் தெரிகின்றன. 2024 டிசம்பரில் 18 வயதில் உலக வாகையர் பட்டம் வென்ற சென்னைப் பையன் குகேஷ் ஒரு புதிய நகர்த்தலைக் கண்டுபிடிக்கும்போது அதைப் படைப்பாற்றல் என்று கொண்டாடுகிறோம். அந்த நகர்த்தலுக்கு முன்னே எத்தனை தொடக்க வரிசைகளை அவர் நெஞ்சில் ஏற்றியிருக்க வேண்டும் என்பதைச் சதுரங்கம் ஆடத் தெரிந்த எவரும் அறிவர். சதுரங்கப் பயிற்றுநர் எவரிடமும் போய் மனப்பாடம் வேண்டாம், படைப்பாற்றல் மட்டும் போதும் என்று சொல்லும் துணிவு பெற்றோருக்கு வருவதில்லை. பள்ளிக்கூட வாத்தியாரிடம் மட்டும் வருகிறது.

கருநாடக இசை இதை இன்னும் வெளிப்படையாகக் காட்டுகிறது. மாயாமாளவகௌளை இராகத்தில் சரளி வரிசையில் தொடங்கி ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம், கீர்த்தனை என்று பல ஆண்டுகள் அச்சுப் பிசகாமல் பாடிப் பழகிய பிறகே மாணவர் மனோதர்மம் எனப்படும் கற்பனைப் பகுதிக்கு வருகிறார். அந்தக் கற்பனை வகைகளுள் ஒன்றாகிய நிரவலில், மனப்பாடமான கீர்த்தனையின் ஒரே ஒரு வரி எடுத்துக்கொள்ளப்படுகிறது. சொற்கள் மாறக்கூடாது, தாளத்தில் அவை விழும் இடமும் பெரிதும் மாறக்கூடாது. அந்தக் கட்டுக்குள் இராகம் ஒவ்வொரு முறையும் வேறு வழியில் விரிய வேண்டும். வரி நெஞ்சில் இல்லாதவரால் நிரவல் பாட முடியாது. வரியை மட்டும் வைத்திருப்பவராலும் பாட முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மனோதர்மத்தைத் தனியே பயிற்றுவிக்கும் ஆசிரியர் வாய்க்காத மாணவர் வாழ்நாள் முழுதும் பாடாந்தரத்தை, அதாவது குருவிடம் கற்ற வடிவத்தை, அப்படியே ஒப்பித்துக்கொண்டே இருந்துவிடக்கூடும்.

திண்ணைப் பள்ளிக்கூடங்களின் நிலையும் எண்ணிப்பார்க்கத்தக்கது. சட்டாம்பிள்ளை முன்னே சொல்ல மற்றப் பிள்ளைகள் பின்னே சொல்லும் அந்தப் பள்ளிகள், சிந்தனையற்ற கூச்சலின் கூடங்களாகக் காலனிய ஆட்சியாளராலும் பின்வந்த சீர்திருத்தக்காரராலும் சித்திரிக்கப்பட்டன. அங்கே பிள்ளைகள் நெஞ்சில் ஏற்றியவை எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாத்து போன்றவை. எண்சுவடி என்பது பெருக்கல் வாய்பாடுகளின் தொகுதி. பொன்னிலக்கமும் நெல்லிலக்கமும் பணத்துக்கும் தானிய அளவைக்கும் உரிய எண்வரிசைகள். குழிமாத்து நில அளவைக்குப் பயன்படும் வர்க்க வாய்பாடு. மா என்பது இருபதில் ஒன்று, காணி என்பது எண்பதில் ஒன்று, முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒன்று என்று கீழ்வாயிலக்கப் பின்னங்களை வாயால் கையாண்ட சிறுவன், நிலத்தின் பரப்பையும் கூலிக் கணக்கையும் ஏடு பார்க்காமல் தீர்க்கப் பழகினான். இந்த மரபை ஆராய்ந்த கணித வரலாற்றாய்வாளர் செந்தில் பாபு, அங்கே நினைவு என்பது கற்றலுக்குத் துணைக்கருவி மட்டுமன்று, கற்றலின் முறையே அதுதான் என்று வாதிடுகிறார். இதைச் சொல்வதால் திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாக்கிவிட முடியாது. பிரம்படியும் குரூரமான தண்டனைகளும் அங்கே இருந்தன. ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அந்தத் திண்ணையில் இடமே இல்லை. குற்றச்சாட்டு அடியின் மீதும் விலக்கலின் மீதும் வைக்கப்பட வேண்டும். வாய்பாட்டின் மீது வைக்கப்பட்டது.

மனப்பாட எதிர்ப்பு தன் துணைக்கு அழைக்கும் பெயர்களுள் மதிப்புமிக்கது பிரேசில் கல்வியாளர் பாவ்லோ பிரெய்ரே. ஆசிரியர் பணம் போடுபவராகவும் மாணவர் வெற்றுக் கணக்காகவும் நடத்தப்படும் கல்வியை அவர் வங்கிமுறைக் கல்வி என்று கண்டித்தார். தமிழக முற்போக்குக் கல்வி இயக்கங்களில் அத்தொடர் நன்கு வேரூன்றியுள்ளது. ஆனால் 1960-களின் தொடக்கத்தில் வடகிழக்குப் பிரேசிலில் எழுதப்படிக்கத் தெரியாத உழைப்பாளருக்கு அவர் எழுத்தறிவித்த முறையை உற்றுநோக்குவோர் சிலரே. உழைப்பாளரின் வாழ்விலிருந்து ஒரு சொல் எடுக்கப்படும். எடுத்துக்காட்டாக, செங்கல் என்று பொருள்படும் போர்த்துகீசியச் சொல். அச்சொல்லைச் சூழ்ந்த வேலை, கூலி, வீடு ஆகியவை பற்றி விவாதம் நடக்கும். பிறகு அச்சொல்லின் மூன்று அசைகளும் மூன்று குடும்பங்களாக விரித்து எழுதப்படும்: ட, டெ, டி, டொ, டு, ஜ, ஜெ, ஜி, ஜொ, ஜு, ல, லெ, லி, லொ, லு. உயிர்மெய் வரிசையைக் கூவிப் படித்த தமிழ் வாசகருக்கு இது புதிதாகத் தோன்றாது. அந்த அட்டவணை கண்ணுக்கும் வாய்க்கும் பழகியவுடன், அதிலுள்ள அசைகளைச் சேர்த்துத் தாமே புதிய சொற்களை உண்டாக்குமாறு உழைப்பாளர் கேட்கப்பட்டனர், உண்டாக்கவும் செய்தனர். கில்ஃபோர்டின் செங்கல் எத்தனை பயன் என்ற கேள்வியோடு நின்றது. பிரெய்ரேயின் செங்கல், அசைகளைக் கைவசப்படுத்திக் கொடுத்தபின் சொல்லைக் கட்டச் சொன்னது. வங்கிமுறையைக் கண்டித்தவர் கையில் அட்டவணை இருந்தது என்பதை அவரை மேற்கோள் காட்டுவோர் மறந்துவிடுகிறார்கள்.

இனி உண்மையான குற்றவாளியிடம் வரலாம். தமிழகப் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் ‘காட்சியைக் கண்டு கவினுற எழுதுக’ என்றொரு ஐந்து மதிப்பெண் வினா உண்டு. அச்சிட்டிருக்கும் படத்தைப் பார்த்து, மனத்தில் தோன்றுவதை மாணவர் தம் சொற்களில் அழகுற எழுத வேண்டும். படைப்பாற்றலைச் சோதிப்பதற்கென்றே வைக்கப்பட்ட, நோக்கத்தில் குறையில்லாத வினா. இதற்குக் கையேடுகள் தந்த மறுமொழி, எந்தப் படத்துக்கும் ஒட்டும்படியான ஐந்தாறு வரிகள்: காட்சி கண்ணுக்கு இனியது, கருத்துக்கு உரியது, உள்ளத்தைத் தொடுவது, உலகுக்குப் பாடம் சொல்வது என்ற போக்கில், படத்திலுள்ள எதையும் பெயர்சொல்லிக் குறிக்காத வரிகள். மரக்கன்று நடும் சிறுவனின் படம் வந்தாலும், பாட்டிக்குச் சாலை கடக்க உதவும் சிறுமியின் படம் வந்தாலும், ஏர் பிடிக்கும் உழவரின் படம் வந்தாலும் அதே வரிகள் எழுதப்படும். படத்தைப் பார்க்காமலே எழுதிவிடலாம் என்பது இந்த விடையின் சிறப்பு.

இதற்கு மாணவரைக் குறைசொல்வது அநீதி. ஆசிரியரைக் குறைசொல்வதும் பாதி அநீதியே. விடைத்தாள் திருத்தும் முகாமில் உதவித் தேர்வாளராக அமரும் ஆசிரியருக்கு ஒரு கட்டு விடைத்தாளும், ஆசிரியர் வழக்கில் கீ ஆன்சர் எனப்படும் விடைக்குறிப்பும் தரப்படுகின்றன. அவர் திருத்தியதை முதன்மைத் தேர்வாளரும் கூர்ந்தாய்வாளரும் பார்க்கிறார்கள். மறுமதிப்பீட்டில் மதிப்பெண் மாறினால் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வரக்கூடும். இந்த அச்சத்துக்கு நடுவே, எதிர்பாராத கோணத்தில் ஒரு மாணவி எழுதிய ஐந்து வரிகளுக்கு முழு மதிப்பெண் இடுவது ஆசிரியருக்கு ஆபத்து. எல்லாரும் எழுதும் பொதுவிடைக்கு நான்கு மதிப்பெண் இடுவது பாதுகாப்பு. மாணவி இதை மேல்வகுப்பு அக்காமாரிடமிருந்து ஜூன் மாதத்திலேயே தெரிந்துகொள்கிறாள். கட்டுரைக்குக் குறிப்புச்சட்டகம், முன்னுரைக்கும் முடிவுரைக்கும் இடையே இத்தனை உட்தலைப்பு, உட்தலைப்புக்குக் கறுப்பு மை, அடிக்கோடு என்ற விதிகளும் இதே அச்சத்தின் பிள்ளைகள். எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண்ணுக்கு வினா வரும் என்று முன்கூட்டியே சொல்லிய ப்ளூ பிரிண்ட் முறை, 2018-19 முதல் புதிய பாடநூல்கள் வந்த காலத்தில் கைவிடப்பட்டது நல்ல மாற்றமே. ஆனால் அது விட்டுச்சென்ற இடத்தை மினிமம் மெட்டீரியல் என்ற பெயரில், தேர்ச்சிக்குப் போதுமான விடைகளை மட்டும் திரட்டிய கையேடுகள் விரைவிலேயே நிரப்பிவிட்டன.

இதே வினாத்தாளில் இன்னொரு வினாவும் உண்டு: ஒரு குறளைத் தந்து, அலகிட்டு வாய்பாடு எழுதச் சொல்வது. அசை பிரித்து, நேர், நிரை கண்டு, தேமா, புளிமா என்று சீர்களுக்குப் பெயரிட்டு, ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு ஆகியவற்றுள் எதில் முடிகிறது என்று குறிப்பிட வேண்டும். தமிழகத்தில் பத்தாம் வகுப்பு முடிக்கும் இலட்சக்கணக்கான மாணவர் இதைக் கற்கிறார்கள். ஒரு குறள் வெண்பாவையாவது தாமே கட்டிப் பார்க்குமாறு அவர்களுள் எவரும் பொதுத்தேர்வில் கேட்கப்படுவதில்லை. இலக்கணமும் தெரியும், எடுத்துக்காட்டுகளும் நெஞ்சில் இருக்கின்றன, அடுத்த அடி மட்டும் எடுத்துவைக்கப்படவில்லை. மனப்பாடம் இங்கே தன் பணியைச் செய்துவிட்டது, தேர்வுதான் செய்யவில்லை.

மறுபக்கத்தில், மனப்பாடத்துக்கு மாற்றாகக் கொண்டுவரப்பட்ட செயல்பாடுகள் என்ன ஆயின என்பதையும் பார்க்க வேண்டும். 2012-13-ஆம் கல்வியாண்டில் ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்குத் தமிழகம் முப்பருவ முறையையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டையும் கொண்டுவந்தது. நூற்றில் 40 மதிப்பெண் வளரறி மதிப்பீட்டுக்கு, அதாவது பாடம் நடக்கும்போதே செயல்பாடுகள், சிறுதேர்வுகள் வழியாக மாணவரை அறிவதற்கு ஒதுக்கப்பட்டது. 60 மதிப்பெண் பருவ இறுதித் தேர்வுக்கு. கருத்தளவில் இது குறைசொல்ல முடியாத ஏற்பாடு. நடைமுறையில் செயல்பாடு என்பது பள்ளிக்கு எதிரேயுள்ள கடையில் சார்ட் வாங்கி, படம் ஒட்டி, ஓரத்தில் ஜிகினா தூவுவதாயிற்று. ப்ராஜெக்ட் என்பது கணினி மையத்தில் வண்ண அச்செடுத்து ஸ்பைரல் போட்டுக் கொடுப்பதாயிற்று. அறிவியல் கண்காட்சிதோறும் சமையல் சோடாவும் வினிகரும் கலந்த எரிமலை பொங்கிக்கொண்டே இருக்கிறது. எரிமலை ஏன் பொங்குகிறது என்று தெரியாத குழந்தைக்கு அந்த மாதிரியைச் சற்று மாற்றிச் செய்யும் எண்ணம் எங்கிருந்து வரும்? அறிவைத் தராமல் கற்பனையைக் கேட்பது அரிசி இல்லாமல் உலை வைப்பதற்கு ஒப்பாகும்.

அரிசி எல்லா வீட்டிலும் ஒரே அளவில் இல்லை என்பதுதான் இதன் கசப்பான பகுதி. நாளிதழும் அகராதியும் பேச்சும் பயணமும் உள்ள வீட்டில் பிறந்த குழந்தைக்கு, பள்ளி அறிவைத் தராமல் விளையாட்டு மட்டும் காட்டினாலும் இழப்பு பெரிதன்று, வீடு ஈடுசெய்துவிடும். அரசு வழங்கும் விலையில்லாப் பாடநூலே வீட்டிலுள்ள ஒரே நூல் என்னும் நிலையில் உள்ள குழந்தைக்கு, பள்ளி நெஞ்சில் ஏற்றித் தராத செய்யுள் வேறெங்கும் கிடைக்கப்போவதில்லை. மனப்பாடத்தைப் பழித்துப் பேசும் கட்டுரையாளருள் பலர் பாரதியின் வரிகளைத் தடையின்றி எடுத்துச் சொல்லக்கூடியவர்கள்; தங்களுக்கு ஏணியாக இருந்ததை அடுத்து வரும் குழந்தைக்குத் தேவையற்ற சுமை என்கிறார்கள் என்பது அவர்களுக்கே தோன்றாதது வியப்பு.

உலக அளவிலான ஒரு சான்றும் இங்கே பொருந்தும். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு நடத்தும் பிசா தேர்வு, 15 வயது மாணவரிடையே முதன்முறையாகப் படைப்புச் சிந்தனையை 2022-ஆம் ஆண்டுச் சுற்றில் அளந்து, முடிவுகளை 2024 ஜூனில் வெளியிட்டது. கதை எழுதுதல், சிக்கலுக்குத் தீர்வு சொல்லுதல், பிறர் கருத்தை மேம்படுத்துதல் போன்ற பணிகள் அதில் இருந்தன. அறுபது புள்ளிகளுக்கு 41 பெற்று முதலிடத்தில் நின்றது சிங்கப்பூர். அமைப்பின் உறுப்பு நாடுகளின் சராசரி 33. கடுமையான பாடத்திட்டத்துக்கும் கணித வாய்பாட்டுக்கும் டியூஷனுக்கும் பெயர்போன சிங்கப்பூரும், அதை அடுத்த நிலையில் கனடாவோடு நின்ற தென்கொரியாவும், அறிவு மிகுந்தால் கற்பனை வற்றும் என்ற கூற்றைப் பொய்யாக்கின. அதே வேளையில், கணிதத்தில் உலகின் முன்வரிசையில் நிற்கும் ஹாங்காங், மக்காவ், தைவான் ஆகியவை படைப்புச் சிந்தனையில் சராசரியை ஒட்டியே நின்றன. அறிவு இல்லாமல் முடியாது, அறிவு மட்டும் இருந்தாலும் போதாது என்பதே இந்த முடிவுகளின் நேர்மையான வாசிப்பு. நிரவலுக்குச் சொன்னதும் இதுவே.

கைப்பேசியில் எல்லாம் இருக்கும்போது எதற்காக நெஞ்சில் ஏற்ற வேண்டும் என்று கேட்கப்படுவதுண்டு. மருது சகோதரர் தூக்கிலிடப்பட்ட ஆண்டு எது என்று கேட்டால் கைப்பேசி 1801 என்று சொல்லும். வேலூர்ச் சிப்பாய்க் கலகம் எப்போது என்றால் 1806 என்று சொல்லும். வட இந்தியப் பெருங்கிளர்ச்சி எப்போது என்றால் 1857 என்று சொல்லும். மூன்று ஆண்டுகளும் ஒரே நேரத்தில் ஒரு மாணவியின் மனத்தில் இருந்தால்தான், மூன்றாவதாக வந்ததை முதல் விடுதலைப் போர் என்று ஏன் சொல்கிறார்கள் என்ற கேள்வி அவளுக்குள் எழும். கைப்பேசி கேட்டதற்கு விடைதரும். என்ன கேட்க வேண்டும் என்பதைக் கேட்பவரின் நெஞ்சில் உள்ளவைதாம் தீர்மானிக்கின்றன. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கட்டுரையையே எழுதித் தரும் இக்காலத்தில், வந்த விடை நல்லதா பொய்யா என்று பிரித்தறியவும் அதே சேமிப்புதான் வேண்டும்.

இத்தனையும் சொன்னபின், பொருள் விளங்காத ஆங்கிலப் பத்தியை இரவெல்லாம் கத்திப் படிக்கும் குழந்தையை யாரும் இந்த வாதத்தால் நியாயப்படுத்திவிடக் கூடாது. பொருள் தெரியாத ஒலியை நினைவில் ஏற்றுவதும், தவறினால் முட்டிபோடச் சொல்வதும், பிறர் எழுதிய விடையை ஏற்றுவதைப் போலவே கல்விக்கு எதிரானவை. யஷ்பால் குழு 1993-இல் அளித்த சுமையற்ற கற்றல் அறிக்கை கண்டித்தது, புரியாததன் சுமையை. அது சரியான கண்டனம். புரிந்ததை நினைவில் வைப்பதற்கு எதிராக அதைத் திருப்பியது பின்வந்தோரின் வேலை.

வகுப்பறையில் செய்யத்தக்கவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. அலகிடக் கற்பித்த வாரத்திலேயே, ஆசிரியர் ஒரு மூன்றுசீர் ஈற்றடியைத் தந்து முதலடியைக் கட்டிவரச் சொல்லலாம். ஈற்றடி கொடுத்துப் பாடச் சொல்வது தமிழ்ப் புலமையின் பழைய பயிற்சி. நூறு செயல்களில் ஒரே அமர்வில் கவனம் செலுத்தும் சதாவதானத்தை 1907-இல் சென்னை விக்டோரியா பொது மண்டபத்தில் நிகழ்த்திய கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர் போன்ற அவதானிகளிடம் அவையோர் எதிர்பார்த்தவற்றுள் அதுவும் ஒன்று. முதல் முயற்சியில் தளை தட்டும். தட்டிய இடத்தைக் காதால் கேட்டுத் திருத்தும்போதுதான் தளை என்றால் என்ன என்பது மாணவருக்கு விளங்கும். கணக்கு வகுப்பில் விடையைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அவ்விடை வரக்கூடிய மூன்று வேறு கணக்குகளை உருவாக்கச் சொல்லலாம். வாய்பாடு நெஞ்சில் உள்ள பிள்ளைக்கு அது விளையாட்டாகவும், இல்லாத பிள்ளைக்கு வாய்பாட்டின் தேவையை உணர்த்துவதாகவும் அமையும்.

வகுப்பில் இவ்வாறு முயன்று பார்க்கும் ஆசிரியரையும் மார்ச் மாதத்து விடைக்குறிப்பு தோற்கடித்துவிடும் என்பதால், மாற்றம் அங்கிருந்தே தொடங்கியாக வேண்டும். பள்ளிக்கல்வித்துறை எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் புரட்டிப்போட வேண்டியதில்லை. காட்சியைக் கண்டு எழுதும் அந்த ஒரு வினாவில், படத்திலுள்ள குறிப்பிட்ட எதையும் சுட்டாத பொதுவிடைக்கு மதிப்பெண் இல்லை என்று வெளிப்படையாக அறிவிக்கட்டும்; அவ்வினாவுக்கு இடப்படும் மதிப்பெண்ணுக்காக எந்த ஆசிரியரிடமும் விளக்கம் கேட்கப்படாது என்று எழுத்து மூலம் உறுதியளிக்கட்டும். குறளை அலகிடும் வினாவுக்குப் பக்கத்தில் ‘அல்லது’ என்று போட்டு, ஈற்றடி கொடுத்துக் குறள் வெண்பா எழுதும் வாய்ப்பை வைக்கட்டும். இவற்றுக்குப் புதிய பாடநூலும் வேண்டாம், புதிய கருவியும் வேண்டாம், சட்டத் திருத்தமும் வேண்டாம். வினாத்தாள் குழுவின் ஒரு கூட்டம் போதும்.